லிங்கன் சுடப்பட்ட இரவில் அவருடைய பாடிகார்டு எங்கே இருந்தார்? வார்டு ஹில் லாமனின் கதை

1865-ம் ஆண்டு ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை இரவு. வாஷிங்டனில் உள்ள ஃபோர்ட்ஸ் தியேட்டரில் மனைவியோடு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன். பின்னால் வந்து நின்ற ஒருவன் அவரைத் தலையில் சுட்டான். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்த சம்பவம்தான் இது.

ஆனால் படிக்கும்போதே ஒரு கேள்வி வரும். ஒரு நாட்டின் அதிபர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு, அதுவும் நான்கு வருட உள்நாட்டுப் போர் முடிகிற நேரத்தில், கையில் துப்பாக்கியோடு ஒருவன் எப்படி நேராக நடந்து போக முடிந்தது? செக்யூரிட்டி என்று யாருமே இல்லையா?

ஒருவர் இருந்தார். நான்கு வருடமாக லிங்கனின் உயிரைப் பற்றி லிங்கனைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர் அவர். அந்த இரவு மட்டும் அவர் ஊரில் இல்லை. சுமார் 100 மைல் தள்ளி, ரிச்மண்ட் நகரத்தில் இருந்தார். அவரை அங்கே அனுப்பி வைத்ததே லிங்கன்தான்.

அவர் பெயர் வார்டு ஹில் லாமன்.

யார் இந்த லாமன்?

1828 ஜனவரி 6-ம் தேதி வர்ஜீனியா மாகாணத்தில் பிறந்தவர் லாமன். முதலில் கொஞ்ச காலம் மருத்துவம் படித்தார். அது ஒத்துவரவில்லை. 19 வயதில் மேற்கே கிளம்பி, இல்லினாய் மாகாணத்தின் டேன்வில் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார். பிறகு சட்டம் படித்து, 1851-ல் வழக்கறிஞர் ஆனார்.

அந்தக் காலத்தில் இல்லினாய் பகுதியில் நீதிபதியும் வக்கீல்களும் சேர்ந்து ஊர் ஊராகப் போய்த்தான் வழக்கு நடத்துவார்கள். குதிரையிலும் வண்டியிலும் பயணம். இரவில் ஒரே விடுதி, சில நேரம் ஒரே கட்டில். அப்படிச் சுற்றிய வக்கீல்களில் ஒருவர்தான் லிங்கன். 1852-ல் லிங்கனும் லாமனும் டேன்வில்லில் சேர்ந்து வழக்கு நடத்த ஆரம்பித்தார்கள். லாமனைவிட லிங்கன் 19 வயது மூத்தவர்.

இரண்டு பேருக்கும் பொருத்தம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. லிங்கன் மது தொடமாட்டார். லாமனுக்கு விஸ்கி இல்லாமல் முடியாது. லிங்கன் அடிமை முறையை எதிர்த்தவர். தெற்கில் பிறந்து வளர்ந்த லாமனுக்கோ, அடிமை முறையை ஒழிக்கச் சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் லாமன் நன்றாகப் பாஞ்சோ வாசிப்பார், பாடுவார், கதை சொல்வார். அடிக்கடி மனச்சோர்வில் விழுகிற லிங்கனுக்கு அது பிடித்திருந்தது. ‘ஹில்’ என்றுதான் அவரைக் கூப்பிடுவார்.

ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு, மல்யுத்தத்தில் கெட்டிக்காரர். ஒருமுறை கோர்ட்டுக்கு வெளியே மல்லுக்கட்டியதில் அவருடைய கால்சட்டை பின்பக்கம் கிழிந்துபோனது. புது கால்சட்டை வாங்க சக வக்கீல்கள் கிண்டலாக ஒரு வசூல் சீட்டைச் சுற்றுக்கு விட, லிங்கனும் அதில் பணம் எழுதாமல் ஒரு குறும்பு வரியை எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய நட்பு அப்படிப்பட்டது.

நள்ளிரவு ட்ரெயின்

1860 நவம்பரில் லிங்கன் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அவர் பதவியேற்பதற்கு முன்பே தெற்கு மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போக ஆரம்பித்தன. கொலை மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்தன.

லாமனுக்கு ஒரு வெளிநாட்டுத் தூதரகப் பதவி மேல் ஆசை இருந்தது. ஆனால் லிங்கன் அவரைத் தன்னோடு வாஷிங்டன் வரச் சொன்னார். 1861 பிப்ரவரி 11-ம் தேதி ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய ட்ரெயினில் லாமனும் ஏறினார். லாமன் பாடிகார்டு ஆனது அப்படித்தான். நேர்முகத் தேர்வு, பயிற்சி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எதுவும் இல்லை.

வழியில்தான் அந்தத் தகவல் வந்தது. பால்டிமோர் நகரத்தில் ட்ரெயின் மாறும்போது, கூட்டத்தைப் பயன்படுத்தி லிங்கனைக் கொல்லத் திட்டம் இருக்கிறது என்று துப்பறிவாளர் ஆலன் பிங்கர்டன் எச்சரித்தார். உடனே பயணத் திட்டம் மாற்றப்பட்டது. பிப்ரவரி 22 மாலை ஹாரிஸ்பர்க்கிலிருந்து லிங்கன் ரகசியமாகக் கிளம்பினார். தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. கூட வந்த ராணுவ அதிகாரிகள், அரசியல்வாதிகள் எல்லோரும் அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். லிங்கனோடு போக ஒரே ஒரு துணைக்கு அனுமதி. அது லாமன்.

இடுப்பில் கைத்துப்பாக்கிகள், கத்திகள் என்று ஒரு சின்ன ஆயுதக் கிடங்கையே சுமந்துகொண்டு ஏறினார் லாமன். லிங்கனிடமும் ஒரு துப்பாக்கியையும் கத்தியையும் நீட்டினார். லிங்கன் வாங்க மறுத்துவிட்டார்.

பிலடெல்பியாவில் பிங்கர்டன் சேர்ந்துகொண்டார். அவருடைய நிறுவனத்தின் பெண் துப்பறிவாளர் கேட் வார்ன், உடம்பு சரியில்லாத தன் சகோதரருக்கு என்று சொல்லித் தூங்கும் பெட்டியில் இடம் பிடித்து வைத்திருந்தார். அந்த ‘நோயாளி’தான் அமெரிக்காவின் அடுத்த அதிபர். அதிகாலை மூன்றரை மணி வாக்கில், ஊரே தூங்கும்போது, பால்டிமோரின் தெருக்கள் வழியாகக் குதிரைகள் அந்தப் பெட்டியை ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயின. காலை ஆறு மணிக்கு லிங்கன் பத்திரமாக வாஷிங்டனில் இறங்கினார்.

உயிர் தப்பியது. ஆனால் மானம் போனது. பதுங்கிப் பதுங்கித் தலைநகருக்குள் வந்த கோழை என்று பத்திரிகைகள் கேலி செய்தன, கார்ட்டூன் போட்டன. லிங்கனை இது ரொம்பவே பாதித்தது. இனிமேல் பயந்தவன் மாதிரி தெரியக் கூடாது என்ற எண்ணம் அவருக்குள் பதிந்துபோனது. அடுத்த நான்கு வருடம் லாமன் போராட வேண்டியிருந்தது இந்த எண்ணத்தோடுதான்.

பதவி ஒன்று, வேலை இன்னொன்று

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய அமெரிக்காவில் அதிபரின் பாதுகாவலர் என்று ஒரு பதவியே கிடையாது. வெள்ளை மாளிகைக்குள் யார் வேண்டுமானாலும் வந்து, வரிசையில் நின்று, அதிபரைப் பார்த்து வேலை கேட்கலாம்.

1861 ஏப்ரலில் லாமனை வாஷிங்டன் மாவட்டத்தின் மார்ஷலாக நியமித்தார் லிங்கன். நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றுவது, சிறையைப் பார்த்துக்கொள்வது, அரசு விழாக்களை நடத்துவது இவைதான் மார்ஷலின் வேலை. அதிபரைப் பாதுகாப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதை லாமன் தானாக எடுத்துக்கொண்டார். பகலில் மார்ஷல் உத்தியோகம். இரவில் வெள்ளை மாளிகையைச் சுற்றி ரோந்து.

அவருடைய கை பலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு கலவரத்தை அடக்கப் போன இடத்தில் லாமன் விட்ட ஒரே குத்தில் ஒரு ஆள் சாகக் கிடந்தாராம். விஷயம் தெரிந்த லிங்கன், இனிமேல் யாரையாவது அடிக்க வேண்டி வந்தால் கையால் அடிக்காதே, தடியால் அடி, ஆள் பிழைத்துக்கொள்வான் என்றாராம்.

1863 நவம்பர் 19-ம் தேதி கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறைத் திறப்பு விழாவில் ஊர்வலத்தை நடத்தியவரும் லாமன்தான். அன்று லிங்கன் பேசியது சில நிமிடங்கள்தான். உலகம் இன்றுவரை படிக்கிற அந்த உரைக்கு முன்னால், அதிபரை மேடையில் அறிமுகப்படுத்தியதும் இவரே.

மறைக்க முடியாத இன்னொரு பக்கம்

லாமனை ஹீரோவாக மட்டும் காட்டிவிட்டுப் போக முடியாது. மார்ஷல் என்ற முறையில் வாஷிங்டன் சிறை அவர் கையில் இருந்தது. 1862 ஏப்ரலில் தலைநகரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் பக்கத்து மேரிலாந்து மாகாணத்தில் அது தொடர்ந்தது. அங்கிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி வந்தவர்களைப் பிடித்துச் சிறையில் வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. லாமன் அந்தச் சட்டத்தை விடாப்பிடியாக நிறைவேற்றினார்.

இதனால் வாஷிங்டனின் ராணுவ கவர்னராக இருந்த ஜெனரல் வாட்ஸ்வொர்த்துக்கும் அவருக்கும் நேரடி மோதலே வந்தது. சிறையில் அடைபட்டிருந்த ஒரு பெண்ணை விடுவிக்க ராணுவ வீரர்கள் சிறைக்குள் போனார்கள். லாமன் ஆட்களோடு போய்ச் சிறையைத் திரும்பத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். அடிமை முறையை எதிர்த்த செனட்டர்கள் அவரைப் பதவியிலிருந்து தூக்கச் சொன்னார்கள். லிங்கன் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். 1863 ஜனவரி 1-ம் தேதி விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தலைவரின் உயிருக்குக் காவல் நின்றவர், விடுதலை தேடி ஓடி வந்தவர்களைச் சிறையில் பூட்டியவர். இந்த முரண்பாடு அன்றைக்கே பலரை உறுத்தியது. லாமனுக்கு விசுவாசம் இருந்தது லிங்கன் என்ற மனிதர் மேல். லிங்கனின் கொள்கை மேல் இல்லை.

அவரால் லிங்கனுக்குச் சிக்கலும் வந்தது. 1862 அக்டோபரில், ஆன்டீட்டம் போர் நடந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தப் பகுதியைப் பார்க்கப் போனார் லிங்கன். சோர்ந்திருந்த அவர் கேட்டுக்கொண்டதால் லாமன் ஒரு சோகப் பாட்டும், பிறகு ஒரு வேடிக்கைப் பாட்டும் பாடினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் 1864 தேர்தல் நேரத்தில், பிணங்கள் கிடக்கும் இடத்தில் அதிபர் குத்துப்பாட்டு கேட்டார் என்கிற அளவுக்கு எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் ஊதிவிட்டன. இன்றைய ஃபேக் நியூஸுக்குக் கொஞ்சமும் குறையாத வேலை. லாமன் மறுப்பு வெளியிடத் துடித்தார். லிங்கன் அவருக்காக ஒரு விளக்கம் எழுதியும் வைத்தார். ஆனால் வெளியிட விடவில்லை.

சொன்னால் கேட்காத லிங்கன்

பாடிகார்டு வேலையில் பெரிய தலைவலி எதிரி இல்லை, பாதுகாக்கப்படுகிற ஆள்தான் என்பதை லாமன் தினமும் அனுபவித்தார்.

கோடைக்காலத்தில் லிங்கன் குடும்பம், வெள்ளை மாளிகையிலிருந்து சுமார் மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு வீட்டில் தங்கும். இரவில் லிங்கன் தனியாகக் குதிரையில் அங்கே போவார். ஒரு நாள் இருட்டில் யாரோ சுட்டார்கள். குதிரை மிரண்டு ஓடியது. தொப்பி பறந்தது. இதை லாமனிடம் சொன்ன லிங்கன், யாரோ வேட்டைக்காரனின் குண்டாக இருக்கும் என்று சிரித்து மழுப்பினார் என்கிறது லாமனின் நினைவுக் குறிப்பு.

1864 நவம்பர் 8, லிங்கன் இரண்டாவது முறை ஜெயித்த இரவு. நகரமே கொண்டாட்டத்தில் இருந்தது. லாமனுக்கு மட்டும் மனசு சரியில்லை. அதிபரின் செயலாளர் ஜான் ஹேயிடம் போர்வை வாங்கிக்கொண்டு, லிங்கனின் படுக்கையறைக் கதவுக்கு வெளியே வெறும் தரையில் படுத்துவிட்டார். பக்கத்தில் துப்பாக்கிகளும் கத்திகளும். காலையில் ஹே எழுந்து பார்த்தபோது போர்வை அவர் அறை வாசலில் இருந்தது. லாமன் போய்விட்டிருந்தார். இதை ஹே தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த மாதமே லிங்கன் தகுந்த காவல் இல்லாமல் தியேட்டருக்குப் போய் வந்தார். கொதித்துப்போன லாமன், டிசம்பர் 10-ம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். தன் எச்சரிக்கையை அதிபர் மதிக்காவிட்டால் ராஜினாமா செய்துவிடுவதாகவும், உங்கள் உயிரை எடுக்கப் பலர் காத்திருக்கிறார்கள் என்றும், வயதில் இளையவர் மூத்தவரைக் கண்டிக்கிற மாதிரி எழுதியிருந்தார். லிங்கன் ராஜினாமாவையும் ஏற்கவில்லை, புத்திமதியையும் ஏற்கவில்லை.

ஒரே ஒரு மாற்றம் நடந்தது. 1864 இறுதியில் வாஷிங்டன் போலீஸிலிருந்து நான்கு பேர் வெள்ளை மாளிகைக் காவலுக்கு ஒதுக்கப்பட்டார்கள். முறை வைத்து அதிபரோடு போய் வருவது அவர்கள் வேலை.

அந்த ஏப்ரல் வாரம்

1865 ஏப்ரல் 9-ம் தேதி தெற்குப் படையின் தளபதி லீ சரணடைந்தார். போர் முடிகிறது. இனி நாட்டை ஒட்டவைக்கும் வேலை. தோற்ற தரப்பின் தலைநகரான ரிச்மண்டில் சில அரசியல் விஷயங்களைப் பேசி முடிக்க லாமனை அனுப்ப முடிவு செய்தார் லிங்கன். ஏப்ரல் 11-ம் தேதியிட்ட பயணச் சீட்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும் முன் உள்துறை அமைச்சர் அஷரை வைத்துக்கொண்டு லாமன் ஒரு வாக்குறுதி கேட்டார். நான் திரும்பி வரும்வரை இரவில் வெளியே போகாதீர்கள், முக்கியமாகத் தியேட்டருக்குப் போகாதீர்கள் என்பதுதான் அது. இவனுக்கு என் பாதுகாப்பு விஷயத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிற மாதிரி லிங்கன் அஷரிடம் சொல்லிச் சிரித்தாராம். முடிந்தவரை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம்.

ஏப்ரல் 14 இரவு லிங்கன் தியேட்டருக்குப் போனார்.

அன்று டியூட்டியில் இருந்தவர் ஜான் பார்க்கர் என்ற போலீஸ்காரர். பணி நேரத்தில் குடித்தது, தூங்கியது என்று ஏற்கனவே புகார்களைச் சந்தித்தவர். அதிபர் அமர்ந்திருந்த பாக்ஸுக்கு வெளியே இருக்க வேண்டியவர், தேவையான நேரத்தில் அங்கே இல்லை. பக்கத்து மதுக்கடைக்குப் போயிருந்தார் என்றும் சொல்வார்கள். இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் மேல், நடிகர் ஜான் வில்க்ஸ் பூத் உள்ளே வந்தான். அந்தத் தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்த முகம். வழியில் இருந்த பணியாளரிடம் ஒரு கார்டைக் காட்டிவிட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. அவன் கையில் இருந்தது ஒரே ஒரு குண்டு போடும் சின்னத் துப்பாக்கி. அந்த ஒரு குண்டு போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை 7.22 மணிக்கு லிங்கன் இறந்தார்.

லாமன் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பாரா? பூத் பிரபலமான நடிகன் என்பதால் பார்க்கரே இருந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் படுக்கையறை வாசலில் தரையில் படுத்துக் காவல் காத்த ஒரு ஆள், அந்தக் கதவை விட்டு நகர்ந்திருப்பார் என்று நம்புவது கஷ்டம். யோசித்தால், லாமன் எச்சரித்த ஆபத்து, எச்சரித்த இடம், எச்சரித்த நேரம் மூன்றுமே சரியாக இருந்தன.

அதன் பிறகு லாமன் என்ன ஆனார்?

1865-லேயே மார்ஷல் பதவியை விட்டு விலகி, வாஷிங்டனில் வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். 1872-ல் அவர் பெயரில் லிங்கனின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. உண்மையில் அதை எழுதியவர் அவருடைய தொழில் பங்குதாரரின் மகன் சான்சி பிளாக். லிங்கனின் மத நம்பிக்கை, பிறப்பு, குடும்பம் பற்றி அதில் இருந்த விஷயங்கள் பெரிய எதிர்ப்பைக் கிளப்பின. தியாகியாகக் கும்பிட ஆரம்பித்திருந்த மக்களுக்கு, குறை நிறை உள்ள ஒரு மனிதராக லிங்கனைப் பார்க்கப் பிடிக்கவில்லை. புத்தகம் விற்கவில்லை. இரண்டாம் பாகம் வரவே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. பால்டிமோரில் அப்படி ஒரு கொலைத் திட்டமே இல்லை என்று அந்தப் புத்தகம் சொன்னது. அந்த ட்ரெயின் பயணத்திலேயே பிங்கர்டனுக்கும் லாமனுக்கும் ஆகாமல் போயிருந்தது. பகை எழுத்திலும் எட்டிப் பார்த்தது. பிற்காலக் குறிப்புகளில் லாமன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

1893 மே 7-ம் தேதி, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் 65 வயதில் லாமன் இறந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைத் தொகுத்து, 1895-ல் அவருடைய மகள் டோரதி புத்தகமாக வெளியிட்டார். வெள்ளை மாளிகையில் ஒரு சவப்பெட்டி இருப்பதாகவும், இறந்தது அதிபர் என்று காவலர் சொல்வதாகவும் லிங்கன் கனவு கண்ட கதை இருக்கிறதே, அது இந்தப் புத்தகத்திலிருந்து பரவியதுதான். இணையத்தில் இன்றும் சுற்றும் கதை. ஆனால் சம்பவம் நடந்து முப்பது வருடம் கழித்து அச்சில் வந்ததால், வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை.

என்ன மாறியது?

பார்க்கர் மேல் பணியில் அலட்சியம் என்று விசாரணை நடந்தது. தண்டனை எதுவும் இல்லை. 1868-ல்தான் அவர் போலீஸ் வேலையை இழந்தார். காரணம், டியூட்டியில் தூங்கியது.

லிங்கன் இறந்த அதே 1865-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ் தொடங்கப்பட்டது. ஆனால் அதிபரைக் காப்பாற்ற அல்ல, கள்ளநோட்டைப் பிடிக்க. 1881-ல் அதிபர் கார்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். 1901-ல் அதிபர் மெக்கின்லி பொதுமக்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருக்கும்போது சுடப்பட்டார். 36 வருடத்தில் மூன்று அதிபர்களைப் பறிகொடுத்த பிறகுதான், 1902-ல் சீக்ரெட் சர்வீஸ் முழுநேரமாக அதிபர் பாதுகாப்பை ஏற்றது.

இன்று ஒரு பாடிகார்டுக்கு லீவு என்றால் இன்னொருவர் வருவார். முன்கூட்டியே போய் இடத்தைச் சோதிக்க ஒரு டீம், கதவுக்கு ஒரு ஆள், கூட்டத்துக்குள் ஒரு ஆள் என்று எல்லாம் எழுதி வைத்த நடைமுறை. யாருடைய நட்பையும் நம்பி அது நடப்பதில்லை.

லாமனிடம் உடல் பலம் இருந்தது, விசுவாசம் இருந்தது, ஆபத்து எங்கிருந்து வரும் என்ற கணிப்பும் இருந்தது. அவர் ரிச்மண்டுக்குக் கிளம்பியபோது, அவர் இடத்தில் நிற்க அவரைப் போல இன்னொருவர்தான் இல்லை.